இடையில் ஒரு வெளி

ஓர் எண்ணைக் காரணிப்படுத்துவது போலவே ஒரு நேரியல் செயலியையும் காரணிப்படுத்தலாம். கணிதத்தில் செயலி என்பது ஒரு வெளியில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இன்னொரு வெளிக்குக் கொண்டுசேர்க்கும் விதி. கைபேசிச் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு பொருள்களைக் கூட்டிவிட்டுக் கொண்டுபோனாலும், தனித்தனியே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கூட்டினாலும் விடை ஒன்றே, ஓர் எண்ணால் பெருக்குவதற்கும் அவ்வாறே என்றால் அது நேரியல் செயலி. அப்படி ஒரு செயலி ‘அ’ என்ற வெளியிலிருந்து ‘ஆ’ என்ற வெளிக்குச் செல்கிறது என்க. அந்த ஒரே பயணத்தை, முதலில் ‘இ’ என்ற மூன்றாவது வெளிக்கு ஒன்று, அங்கிருந்து ‘ஆ’வுக்கு இன்னொன்று என இரண்டு பயணங்களாகப் பிரிக்க முடிந்தால், அந்தச் செயலி ‘இ’ வழியாகக் காரணிப்படுகிறது.

இதனால் என்ன பயன் என்பதை ஓர் அணியை வைத்தே பார்க்கலாம். 1,000 நிரைகளும் 1,000 நிரல்களும் கொண்ட அணியில் 10 லட்சம் எண்கள் இருக்கும். ஆனால் அந்த அணியின் தரம் 3 என்றால், அது செய்யும் வேலை முழுவதும் ஒரு முப்பரிமாண வெளி வழியாகவே நடந்துவிடுகிறது. 1,000-க்கு 3 என்ற ஓர் அணியும் 3-க்கு 1,000 என்ற ஓர் அணியும் போதும்; மொத்தம் 6,000 எண்கள். முடிவுறு பரிமாணங்களில் கேள்வி இவ்வளவுதான். முடிவிலாப் பரிமாணங்களில், இடையில் எந்த வகை வெளியை வைக்க முடியும் என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. அதற்கான விடை வெக்டர் அளவைகளின் கோட்பாட்டோடு பின்னிக் கிடக்கிறது.

வெக்டர் அளவை என்றால் என்ன என்பதை ஒரு குப்பைக் கிடங்கை வைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெருங்குடியில், சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட கிடங்கு இருக்கிறது. அங்கே தேங்கிய பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், பிளாஸ்டிக், கல் எனப் பிரிக்கும் பயோமைனிங் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. அந்தக் கிடங்கின் ஏதாவது ஒரு பகுதியை வட்டமிட்டுக் காட்டினால், அதற்கு நான்கு எண்களைச் சொல்லலாம்: பரப்பு, அதில் கிடக்கும் மண்ணின் எடை, பிளாஸ்டிக்கின் எடை, கல்லின் எடை. ஒன்றோடொன்று மேற்படியாத இரண்டு பகுதிகளைச் சேர்த்தால் நான்கு எண்களும் அவ்வாறே கூடுகின்றன. இடத்துக்கு ஓர் எண்ணைத் தரும் இத்தகைய விதி அளவை. எண்களின் பட்டியலைத் தருவது வெக்டர் அளவை. எல்லாப் பண்புகளும் இதில் அடங்கிவிடாது. குப்பை மேட்டின் உயரத்தையோ அடர்த்தியையோ இப்படிக் கூட்ட முடியாது.

இந்த எளிய நிலையிலேயே ஓர் அழகான தேற்றம் இருக்கிறது. வெக்டரின் கூறுகள் முடிவுறு எண்ணிக்கையில் இருந்து, மேற்கொண்டு பிரிக்க முடியாத கட்டி எதுவும் அளவையில் இல்லாவிட்டால், அளவை எடுக்கும் மதிப்புகளின் கணம் மூடியதாகவும் குவிந்ததாகவும் இருக்கும் என்று 1940-ல் சோவியத் கணித அறிஞர் அலெக்சி லியாபுனோவ் நிரூபித்தார். குவிந்த கணத்தில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் நடுப்புள்ளியும் உள்ளே இருக்கும். கிடங்கில் எதையுமே எடுக்காதபோது கிடைக்கும் பூச்சிய வெக்டரும், முழுவதையும் எடுக்கும்போது கிடைக்கும் வெக்டரும் அந்தக் கணத்தில் இருக்கின்றன. ஆகவே அவற்றின் நடுப்புள்ளிக்கும் ஏதோ ஒரு பகுதி இருந்தாக வேண்டும். அதாவது, பரப்பில் சரிபாதி, மண்ணில் சரிபாதி, பிளாஸ்டிக்கில் சரிபாதி, கல்லில் சரிபாதி என நான்கிலும் ஒரே நேரத்தில் பாதியாக வரும்படி கிடங்கை இரண்டு ஒப்பந்ததாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். எங்கே கோடு போட வேண்டும் என்பதைத் தேற்றம் காட்டாது. அப்படி ஒரு பிரிவினை இருக்கிறது என்பதை மட்டும் உறுதிசெய்யும். அங்கே வேலைசெய்யும் ஆட்களின் எண்ணிக்கையை ஐந்தாவது கூறாகச் சேர்த்தால் இந்த உறுதி போய்விடும். ஓர் ஆள், பிரிக்க முடியாத கட்டி.

கூறுகள் முடிவற்றவையாக இருக்கும்போது என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தையே கடைசிவரை கையில் வைத்திருக்கலாம். பெருங்குடியின் வரைபடம் ஒரு தாளில் இருக்கிறது. தாளின் பரப்பு 1 அலகு. தாளில் எந்தப் பகுதியைக் காட்டினாலும், அந்தப் பகுதியில் மட்டும் கறுப்பு மை பூசிய படத்தை விடையாகத் தருவது என ஒரு விதி. மை உள்ள இடத்தில் கறுமை 1, மற்ற இடத்தில் 0. தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்தால் படங்களும் அப்படியே கூடுகின்றன. இங்கே விடையாக வருவது நான்கு எண்கள் அல்ல, ஒரு முழுப் படம். தாளின் புள்ளிகள் எத்தனையோ அத்தனை கூறுகள்.

படங்களுக்கு இடையே தொலைவை அளக்க மூன்று வழக்கமான முறைகள் உண்டு. மொத்தம் எவ்வளவு மை செலவாகிறது என்று பார்ப்பது எல்-1 முறை. மிகக் கறுப்பான இடத்தின் கறுமையை மட்டும் பார்ப்பது எல்-முடிவிலி முறை. ஒவ்வோர் இடத்தின் கறுமையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது, பிதாகரஸ் தேற்றத்தின் வழிவந்த எல்-2 முறை. மூன்றும் மூன்று பனாக் வெளிகளைத் தருகின்றன. நீளம் உண்டு, ஓட்டை இல்லை என்பதே பனாக் வெளியின் இலக்கணம். தங்களுக்குள் நெருங்கிக்கொண்டே போகும் புள்ளிகள் வெளிக்குள்ளேயே ஓரிடத்தில் போய்ச் சேர வேண்டும். 1932-ல் லிவிவ் நகரின் ஸ்டெஃபான் பனாக் எழுதிய நூலோடு இந்தத் துறை நிலைபெற்றது.

மை பூசும் விதி இந்த மூன்று வெளிகளிலும் மூன்று விதமாக நடந்துகொள்கிறது. அளவை என்ற பெயர் பெற, முடிவற்ற எண்ணிக்கையில் பகுதிகளைச் சேர்க்கும்போதும் கூட்டல் சரியாக வர வேண்டும். தாளில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால் எனக் கீற்றுகளாக மை பூசிக்கொண்டே போனால், மீதி வெள்ளைப் பகுதி சுருங்கிக்கொண்டே வரும். மையின் மொத்த அளவைப் பார்ப்பவருக்கு அந்த மீதி பூச்சியத்தை நெருங்குகிறது. எல்-1-இல் எல்லாம் சரி, எல்-2-இலும் சரி. ஆனால் எல்-முடிவிலியில், மீதி எவ்வளவு மெல்லிய கீற்றாக இருந்தாலும் முழுக் கறுப்புக்குப் படம் இன்னும் 1 அலகு தொலைவிலேயே இருக்கிறது. அங்கே இந்த விதி அளவையே அல்ல.

லியாபுனோவ் தேற்றமும் இங்கே உடைகிறது. முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் நடுப்புள்ளி என்பது தாள் முழுவதும் பரவிய சாம்பல் நிறம். மை பூசும் விதி சாம்பலைத் தராது; கறுப்பு அல்லது வெள்ளைதான். எப்படிப் பூசினாலும் ஒவ்வோர் இடத்திலும் சாம்பலிலிருந்து வித்தியாசம் சரியாக 1/2. ஆகவே எல்-1-இல் தொலைவும் எப்போதும் 1/2. நெருங்கக்கூட முடியாது. முடிவிலாப் பரிமாணத்தில் தேற்றம் தோற்பதை 1946-ல் லியாபுனோவே எடுத்துக்காட்டினார். சேரும் வெளிக்கும் அளவைக்கும் சில நல்ல பண்புகள் இருந்தால், மதிப்புகளின் கணத்தை அதன் எல்லைப் புள்ளிகளோடு சேர்த்த பிறகு குவிவு திரும்பக் கிடைக்கும் என்று 1969-ல் ஜெர்ரி உல் காட்டினார். இவரும் ஜோசப் டீஸ்டலும் சேர்ந்து 1977-ல் எழுதிய வெக்டர் அளவைகள் பற்றிய நூல்தான் இன்றும் இத்துறையின் முதல் கையேடு. உல்லின் ஆய்வு வழிகாட்டி எம்.எம். ராவ், ஆந்திரத்தின் நிம்மகட்டா கிராமத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1959-ல் மினசோட்டாவில் முனைவர் பட்டம் பெற்றவர்.

குவிவு போனபின் மிஞ்சுவது என்ன? இதற்கு விடை அச்சகத்தில் இருக்கிறது. பழைய செய்தித்தாள் புகைப்படங்களில் சாம்பல் மை கிடையாது. கறுப்புப் புள்ளிகள் மட்டுமே. புள்ளிகள் போதிய அளவு நுண்மையாக இருந்தால் கண் அவற்றைச் சாம்பலாகவே காண்கிறது. அதேபோல் வரைபடத்தை 2, 4, 8, 16 எனக் கீற்றுகளாக்கி ஒன்றுவிட்டு ஒன்று மை பூசினால், படங்களுக்கு இடையிலான எல்-1 தொலைவு குறைவதே இல்லை. எந்த இரண்டை எடுத்தாலும் 1/2. ஆனால் தாளின் ஏதாவது ஒரு வட்டாரத்தில் சராசரிக் கறுமையை அளக்கும் கருவி ஒன்றை நிலையாக வைத்துப் பார்த்தால், அதன் அளவீடு 1/2-ஐ நெருங்குகிறது. எல்லாத் தொடர்ச்சியான நேரியல் கருவிகளுக்கும் இப்படியே. தொலைவில் நெருங்காமல், கருவிகளின் அளவீட்டில் மட்டும் நெருங்குவதை மென் ஒருங்கல் எனலாம். ஒரு கணத்திலிருந்து எந்தத் தொடர்முறையை எடுத்தாலும் அதற்குள் மென் ஒருங்கலுள்ள ஓர் உட்தொடர்முறை கிடைக்கும் என்றால், அந்தக் கணம் மென்கச்சிதமானது.

1955-ல் ராபர்ட் பார்ட்டில், நெல்சன் டன்ஃபோர்டு, ஜேக்கப் ஷ்வார்ட்ஸ் மூவரும் நிரூபித்தது இதுதான்: எந்தப் பனாக் வெளியில் மதிப்பெடுத்தாலும், முடிவற்ற கூட்டலுக்கும் சரியாக வரும் வெக்டர் அளவையின் மதிப்புகள் எப்போதும் மென்கச்சிதமான கணத்துக்குள் அடங்கும். நிபந்தனை வேறொன்றும் வேண்டாம். முடிவிலாப் பரிமாணத்தில் இவ்வளவு பொதுவான நற்செய்தி அரிது.

அதே மூவரின் கட்டுரை அளவைகளையும் செயலிகளையும் ஒரே பொருளின் இரண்டு தோற்றங்களாகக் காட்டியது. ஓர் அளவை இருந்தால் அதைக் கொண்டு சார்புகளைத் தொகையிடலாம். தொகையிடல் ஒரு நேரியல் செயலி. மறுபுறம், தொடர்ச்சியான சார்புகளின் வெளியிலிருந்து எண்களுக்குச் செல்லும் ஒவ்வொரு நல்ல செயலியும் ஓர் அளவையால் தொகையிடுவதே என்று 1909-லேயே ஃபிரிஜேஷ் ரீஸ் காட்டியிருந்தார். எண்களுக்குப் பதில் பனாக் வெளிக்குச் செல்லும்போது இந்த மறுபுறம் தடுமாறும். தொடர்ச்சியான சார்புகளை அப்படியே விட்டுவிடும் செயலியை எடுத்தால், அதற்குரிய அளவை ஒவ்வொரு பகுதிக்கும் மை பூசிய படத்தைத் தர வேண்டும். மையின் விளிம்பில் கறுமை திடீரென்று மாறுவதால் அந்தப் படம் தொடர்ச்சியான சார்பே அல்ல. அளவை வெளியைவிட்டு வெளியே விழுந்துவிடுகிறது. அது வெளிக்குள்ளேயே நிற்பது செயலி மென்கச்சிதமாக இருக்கும்போது மட்டும்தான்: அதாவது, நீளம் 1-க்கு மேற்படாத சார்புகள் எல்லாவற்றையும் செயலி ஒரு மென்கச்சிதக் கணத்துக்குள் கொண்டுபோய் வைக்கும்போது.

தொடர்ச்சியான சார்புகளே இல்லாத, வெறும் கணங்களின் குடும்பத்திலும் இந்த முறை செல்லும். அப்படிப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு கச்சித வெளியின் உட்கணங்களாக மாற்றி எழுதலாம் என்ற 1936-ஆம் ஆண்டுத் தேற்றம் மார்ஷல் ஸ்டோனுடையது. அதைப் பயன்படுத்தினால் எந்த அளவையையும் தொடர்ச்சியான சார்புகளின் மேல் இயங்கும் செயலியாக்கிவிடலாம். இந்தியாவுக்குப் பலமுறை வந்த ஸ்டோன் 1989 ஜனவரி 9-ஆம் தேதி சென்னையிலேயே காலமானார்.

ஒரு செயலி மென்கச்சிதமானதா என்பதை எப்படிக் கண்டறிவது என்ற கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்த தமிழர் ஒருவர் உண்டு: பெயரிலேயே தன் ஊரைச் சுமந்த திருவையாறு வெ. பஞ்சாபகேசன். வெனிசுவேலாவின் மெரிடா நகரில் உள்ள ஆண்டீஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1998-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, தொடர்ச்சியான சார்புகளின் மேல் இயங்கும் ஒரு செயலி மென்கச்சிதமாக இருப்பதற்கு 35 சமமான நிபந்தனைகளைத் தருகிறது. 35-உம் ஒன்றே என்றால் ஏன் இத்தனை என்று தோன்றலாம். நடைமுறையில் ஒரு செயலியைக் கையில் எடுப்பவருக்கு எந்த நிபந்தனை எளிதில் சரிபார்க்கக் கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. சிலருக்கு அளவையின் பக்கமிருந்து, சிலருக்குத் தொகையீட்டின் பக்கமிருந்து வழி திறக்கும். 2008-ல் அவர் வெளியிட்ட நூல் பார்ட்டில், டன்ஃபோர்டு, ஷ்வார்ட்ஸ் மூவரின் தொகையீட்டுக்கே முழுமையாக ஒதுக்கப்பட்டது. பனாக் வெளிகளையும் தாண்டி, ஒரே நீளத்துக்குப் பதில் பல அளவுகோல்கள் ஒருசேர இயங்கும் வெளிகளுக்கும் அதை நீட்டுகிறது.

இனி காரணிப்படுத்தலுக்குத் திரும்பலாம். சில பனாக் வெளிகளில் நீளம் 1-க்கு மேற்படாத புள்ளிகளின் கோளமே மென்கச்சிதமாக இருக்கும். அவற்றை ரிஃப்ளெக்சிவ் வெளிகள் என்பர். எல்-2 அப்படிப்பட்டது. எல்-1-உம் எல்-முடிவிலியும் அல்ல. ரிஃப்ளெக்சிவ் வெளி ஒன்றின் வழியாகச் செல்லும் எந்தச் செயலியும் தானாகவே மென்கச்சிதமாகிவிடும். இதன் மறுதலையும் உண்மை என்று 1974-ல் வில்லியம் டேவிஸ், டாடியூஷ் ஃபீகியேல், வில்லியம் ஜான்சன், அலெக்சாண்டர் பெல்சின்ஸ்கி நால்வரும் நிரூபித்தனர்: மென்கச்சிதமான ஒவ்வொரு செயலியும் ஏதோ ஒரு ரிஃப்ளெக்சிவ் வெளி வழியாகக் காரணிப்படும்.

இடைப்பட்ட அந்த வெளியை அவர்கள் தேடவில்லை, கட்டினார்கள். புறப்படும் வெளியின் ஓரலகுக் கோளத்தைச் செயலி எங்கே கொண்டுபோய் வைக்கிறதோ அந்தக் கணமே கரு. கருவை 2 மடங்காக்கி, சுற்றிலும் 1/2 அகலத்துக்கு ஓரம் சேர்த்தால் ஒரு பெரிய கணம் கிடைக்கும். அடுத்து 4 மடங்காக்கி 1/4 ஓரம், பிறகு 8 மடங்கு, 1/8 ஓரம், இப்படியே முடிவில்லாமல். கரு ஒருபுறம் வீங்கிக்கொண்டே போகிறது, ஓரம் மெலிந்துகொண்டே போகிறது. இந்தக் கணங்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல்: கணத்தை எத்தனை மடங்காக்கினால் ஒரு புள்ளி அதற்குள் அடங்கும் என்பதே அந்த அளவுகோலில் புள்ளியின் நீளம். எல்லா நீளங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் புதிய நீளம். கூடுதல் முடிவுற்றதாக வரும் புள்ளிகள் மட்டும் புதிய வெளியில் இடம்பெறும்.

கருவிலுள்ள புள்ளிகளுக்கு இடம் உண்டா? முதல் அளவுகோலில் அவற்றின் நீளம் 1/2-ஐ மிஞ்சாது, அடுத்ததில் 1/4, பிறகு 1/8. வர்க்கங்களின் கூடுதல் 1/4, 1/16, 1/64 எனச் செல்லும் தொடரை மிஞ்சாது. அதன் மதிப்பு 1/3. ஆகவே கரு முழுவதும் புதிய வெளிக்குள் வசதியாக உட்கார்ந்துவிடுகிறது. மறுபக்கம், புதிய நீளம் 1-க்கு மேற்படாத புள்ளி எதுவும் எல்லாக் கணங்களுக்குள்ளும் இருக்கும். அதாவது வீங்கிய கருவுக்கு 1/2 தொலைவில், 1/4 தொலைவில், 1/8 தொலைவில், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நெருக்கத்தில். மென்கச்சிதக் கணங்களை எந்தப் பிழைவரம்புக்கும் உட்பட்டு ஒட்டி நிற்கும் கணமும் மென்கச்சிதமே என்பது அலெக்சாண்டர் க்ரோத்தெண்டீக்கின் துணைத்தேற்றம். வர்க்கங்களைக் கூட்டியதால் அந்தப் பண்பு புதிய நீளத்துக்கும் கடந்துவருகிறது. புதிய வெளி ரிஃப்ளெக்சிவ். இந்த நிரூபணத்தின் சிக்கனம் வியப்பூட்டுவது: இரட்டிப்பதும் பாதியாக்குவதும் வர்க்கங்களைக் கூட்டுவதுமே இதன் கருவிகள். முடிவு மட்டும், அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கத் துணியாத அளவுக்குப் பொதுவானது.

அளவைகளுக்கு இதன் பொருள் தெளிவு. ஒவ்வொரு வெக்டர் அளவையின் மதிப்புகளும் மென்கச்சிதக் கணத்துக்குள் அடங்குவதால், அந்தக் கணத்தையே கருவாக வைத்து இடைப்பட்ட வெளியைக் கட்டலாம். அங்கேயும் அது முறையான அளவையாகவே இருக்கும். எந்தப் பனாக் வெளியில் பிறந்தாலும் வெக்டர் அளவைக்கு ஒரு ரிஃப்ளெக்சிவ் வீடு உண்டு.

ஆனால் வீடு மாறுவதற்கு விலையும் உண்டு. மை பூசும் விதிக்கு அந்த வீட்டைக் கட்டவே வேண்டாம், எல்-2 தயாராக இருக்கிறது. தாளை 100 சம துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டின் எல்-1 நீளம் 1/100; எல்லாம் சேர்த்து 1. எவ்வளவு நுணுக்கினாலும் இந்தக் கூடுதல் 1-தான். அதே துண்டின் எல்-2 நீளம் 1/100-இன் வர்க்கமூலமான 1/10. 100 துண்டுகளுக்கும் சேர்த்து 10. துண்டுகள் 10,000 என்றால் கூடுதல் 100. நுணுக்க நுணுக்க எல்லையின்றி ஏறுகிறது. மொத்த மாறல் எனப்படும் இந்த அளவு எல்-1-இல் முடிவுற்றது, எல்-2-இல் முடிவற்றது. இது கணக்கின் தற்செயல் அல்ல. ரிஃப்ளெக்சிவ் வெளிகளுக்கு ராடன்–நிக்கோடிம் பண்பு உண்டு என்று 1943-ல் ரால்ஃப் ஃபிலிப்ஸ் காட்டினார்: அங்கே, பரப்புச் சுழியான இடங்களுக்குச் சுழியையே தரும் ஓர் அளவையின் மொத்த மாறல் முடிவுற்றதாக இருந்தால், அதற்குப் புள்ளிக்குப் புள்ளி ஓர் அடர்த்திச் சார்பு இருந்தாக வேண்டும். மை பூசும் விதிக்கு எல்-1-இல் அப்படி அடர்த்தி கிடையாது. ரிஃப்ளெக்சிவ் வீட்டில் மாறல் முடிவுற்றிருந்தால் அங்கே கிடைக்கும் அடர்த்தியை எல்-1-க்கே கொண்டுவந்துவிடலாம், அது முரண். ஆகவே எந்த ரிஃப்ளெக்சிவ் வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த அளவையின் மாறல் முடிவிலியாகத்தான் இருக்க வேண்டும்.

இடையில் வைக்கும் வெளி இன்னும் நல்லதாக, எல்-2 போன்ற ஹில்பர்ட் வெளியாகவே இருக்கலாகாதா என்ற ஆசை எழுவது இயல்பு. பொதுவாக அது நிறைவேறாது. வர்க்கத்துக்குப் பதில் கனத்தைக் கூட்டும் எல்-3 ரிஃப்ளெக்சிவ் வெளிதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிடும் செயலி ஹில்பர்ட் வெளி வழியாகக் காரணிப்பட்டால் எல்-3-ஏ ஹில்பர்ட் வெளியின் வடிவமாகிவிடும், அது பொய். தொடர்ச்சியான சார்புகளின் வெளியிலிருந்து, அத்தகைய இன்னொரு வெளியின் மேலுள்ள அளவைகளின் வெளிக்குச் செல்லும்போது மட்டும் கதை மாறுகிறது. அங்கே நீளத்தைக் கட்டுக்குள் வைக்கும் எந்தச் செயலியும் ஹில்பர்ட் வெளி வழியாகவே செல்லும் என்று 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இருந்தபோது க்ரோத்தெண்டீக் கண்டார். நேர்வழியின் செலவை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கினால் வருவதை இந்த மாற்றுவழியின் செலவு தாண்டாது. மெய்யெண்களுக்கான அந்த எண் 1.67-க்கும் 1.79-க்கும் இடையில் இருக்கிறது. 1977-ல் ழான்-லூயி க்ரிவின் மேல்வரம்பு 1.7823-க்குள் அடங்கும் எனக் காட்டி, தன் வரம்பே துல்லியமான மதிப்பாகவும் இருக்கும் என ஊகித்தார். 2011-ல் அசாஃப் நவோரும் மூன்று கூட்டாளிகளும் உண்மையான மதிப்பு அதைவிடக் குறைவு என்று நிரூபித்தனர். எவ்வளவு குறைவு என்பது இன்னும் தீராத கணக்கு.